வெள்ளம் வருமுன் கட்டிய அணை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் ஆண்டோரின் கதையை எழுதினர். ஆரியச் சக்கரவர்த்திகள், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று அவ்வரிசை நீளும். அவர்கள் கீழ் வாழ்ந்த மக்கள் எந்த நோயால் மாண்டனர், எதனால் பிழைத்தனர் என்ற கதையோ மிஷன் அறிக்கைகளிலும் கச்சேரிக் கடதாசிகளிலும் முதியோர் நினைவுகளிலும் சிதறிக் கிடக்கிறது. சாதாரண மக்களின் வரலாற்றை அறிய முற்படும் நாம் இச்சிதறலைத் தொகுத்துப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

புயல், வெள்ளம், கொள்ளைநோய், போர், கடற்கோள் ஆகிய ஐந்தையும் இரு நூற்றாண்டுக்குள் கண்ட நிலம் இது. ஒவ்வோர் அழிவின் பின்னரும் அதிகாரிகள் கூடுகின்றனர், குழுக்கள் அமைகின்றன, திட்டங்கள் அச்சேறுகின்றன. ‘அனர்த்த முகாமைத்துவம்’ என்னும் சொற்றொடர் இன்று காரியாலயங்களில் அன்றாட வழக்காகிவிட்டது. ஆனால் ஆபத்து வந்த நாளில் மக்களை உண்மையில் காத்தது எது? இக்கேள்விக்குக் குடாநாட்டின் அனுபவம் தெளிவானதொரு விடையைத் தருகிறது. அழிவைத் தாங்கும் வலிமை அழிவு நாளில் பிறப்பதில்லை. அமைதியான நாட்களில் மக்களின் வாசலில், மக்களின் மொழியில் எது கட்டப்பட்டதோ அதுவே அன்று தாங்கி நிற்கிறது. அமைதி நாளில் கட்டப்படாதது அன்று உயிர்களாகக் கணக்குத் தீர்க்கப்படுகிறது.

கதையை நீரிலிருந்து தொடங்குவோம். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றே ஆறென்று பெயர் பெற்றது. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் துளைகளிலும் மழைநீர் இறங்கித் தங்குகிறது. அந்நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அதைக் கிணறு வெட்டி இறைத்தே தோட்டமும் குடியும் வாழ்கின்றன. மேலே கொட்டிய அழுக்கு இக்கற்பாறையூடு விரைவில் கீழிறங்கிக் குடிநீரைச் சேரும். ஆகவே இங்கே வைத்தியத்தின் வரலாறு கிணற்றின் வரலாறுமாகும்.

1817இல் வங்காளத்தில் கிளம்பிய வாந்திபேதி ஓரிரு ஆண்டுகளில் இலங்கையின் கரையை எட்டியது. அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அந்நோய் மீண்டும் மீண்டும் வந்தது. வணிகத் தோணிகளும் யாத்திரிகரும் தென்னிந்தியக் கரைக்கும் இக்கரைக்கும் இடையே ஓயாது போய்வந்தனர். நோயும் அவ்வழியே போய்வந்தது. கோப்பித் தோட்டங்களுக்கென இட்டுவரப்பட்ட ஏழைத் தொழிலாளர் மன்னார்க் கரையிலிறங்கி, வடபாதைக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தனர். பசியும் பேதியும் பாதை நெடுகிலும் அவர்களைப் பலிகொண்டன. தோட்டத்துக்கு வேண்டிய கைகள் குறைந்துவிடுமோ என்பது காலனி அரசின் கவலைகளுள் முதன்மையானது. குடாநாட்டுக் குடியானவனின் கிணறு அக்கவலைக்குள் அடங்கவில்லை.

1854இல் இலண்டனில் ஜோன் சினோ என்ற வைத்தியர், வாந்திபேதி குடிநீர் வழியாகவே பரவுகிறது என்பதை ஒரு தெருக்குழாயின் வரலாற்றைக் கொண்டு காட்டினார். ஆயினும் கிருமி இன்னதென்று றொபேட் கொக் நிலைநாட்ட மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. அதுவரை உலகெங்கும் வைத்தியர் இருட்டிலேயே தடவினர். மானிப்பாயில் இருந்த வைத்தியரும் அதற்கு விலக்கல்லர்.

அம்மானிப்பாய் வைத்தியரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் அமர்ந்து நோயாளரைப் பார்க்கவும் மாணவருக்கு வைத்தியம் கற்பிக்கவும் தொடங்கினார். அவருக்கு முன்பே 1820இல் பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் வைத்தியசாலை நடத்தியதுண்டு. ஆனால் உள்ளூர் இளைஞரை வைத்தியராக்கும் பணியை ஒழுங்காக நடத்தியவர் கிறீனே. 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் ‘ஆபத்துக்குதவும் நண்பர்’ சங்கத்தின் ஆஸ்பத்திரி யாழ் நகரில் எழுந்தது. பிற்காலத்தில் மக்கள் ‘பெரியாஸ்பத்திரி’ என்றழைத்த நிலையத்தின் வித்து அதுவே. 1907இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது.

கிறீனின் முதல் மாணவர் ஆங்கிலத்தில் கற்றனர். கற்றவர் என்ன செய்தனர்? அரசாங்க உத்தியோகமும் தெற்கேயுள்ள பட்டணங்களின் சம்பளமும் அவர்களை இழுத்தன. ஊருக்கு வைத்தியர் வேண்டுமெனத் தொடங்கிய பள்ளி, ஊரைவிட்டுப் போவோரை உருவாக்கியது. நிலைமையை ஆராய்ந்த கிறீன் துணிவானதொரு முடிவுக்கு வந்தார். தமிழில் வைத்தியம் கற்றவனே தமிழ்க் கிராமத்தில் தங்குவான். அவன் சொல்வதே கிராமத்தவருக்கு விளங்கும். தாயகம் சென்று 1862இல் திரும்பிய அவர், அப்பத்தாண்டின் நடுப்பகுதியிலிருந்து வகுப்புகளைத் தமிழில் நடத்தினார். மாணவர் ஆங்கிலேயரைப் போல் உடுத்தித் தம் மக்களிலிருந்து விலகி நிற்பதையும் அவர் விரும்பவில்லை.

வகுப்புத் தமிழில் நடக்க நூல்கள் வேண்டுமல்லவா? 1852இல் ‘அங்காதிபாதம்’, 1857இல் ‘பிரசவ வைத்தியம்’, 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ என நூல்கள் வரிசையாக வெளிவந்தன. கிறீன் தனியே செய்த வேலையன்று இது. அவரிடம் கற்ற தமிழ் வைத்தியர்கள் மொழிபெயர்த்தனர், அவர் சரிபார்த்தார், கலைச்சொற்களைக் கூடியிருந்து தேர்ந்தனர். 1873இல் நோயுற்று அமெரிக்கா திரும்பிய பின்னரும், 1884இல் மறையும் வரை, அவர் அப்பணியை விடவில்லை. விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்க இயலாதென்று இன்றும் சிலர் வாதிடுகின்றனர். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இக்குடாநாட்டில் கால் வெட்டும் சத்திரவித்தையும் பிள்ளைப்பேறும் தமிழில் கற்பிக்கப்பட்டன என்பதை அவர்கள் அறிவார்களா?

இப்பணியின் எல்லைகளையும் மறைக்க வேண்டியதில்லை. மிஷனின் நோக்கம் மதமாற்றம். வைத்தியம் அதற்கொரு வாயில். ‘செகராசசேகரம்’, ‘பரராசசேகரம்’ முதலிய நூல்களை வழிவழியாகப் போற்றிவந்த நாட்டு வைத்தியரோடு அம்மிஷன் சமமாக உரையாடவில்லை. 1866–67இல் வாந்திபேதி குடாநாட்டைச் சூறையாடியபோது, அக்காலத்து மருந்துகளுள் எதுவும் அதைக் குணப்படுத்த வல்லதாக இருக்கவில்லை. இருந்தும் அறுபதுக்கு மேற்பட்டோர் இப்பள்ளியில் பயின்று வெளியேறினர். அவர்களுட் பலர் ஊர்களில் தங்கினர். நோய் வந்ததும் கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருந்தார். அவர் பேசியது விளங்கியது. அழிவுக்கு முன் கட்டிய அணையின் முதற்கல் அது.

அக்கல்லின்மேல் அடுத்த கல் வைக்கப்படவில்லை. 1870இல் கொழும்பில் ஆங்கிலத்தில் வைத்தியக் கல்லூரி தொடங்கியது. அரசாங்கத்தின் அங்கீகாரமும் உத்தியோகமும் அங்கே கற்றோருக்கே உரியவாயின. கிறீனுக்குப் பின் தமிழ் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. மதிப்பும் பதவியும் வேறொரு மொழியில் இருக்கையில், மக்கள் மொழியில் எழுந்த கல்வி தானே வாடும் என்பது வரலாறு பலமுறை காட்டிய உண்மை.

இனிச் சாதியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. வாந்திபேதி நீரில் பரவுமாயின், தூய நீரைப் பெறும் உரிமையே முதல் மருந்து. அவ்வுரிமை குடாநாட்டில் எல்லார்க்கும் இருந்ததா? ஒடுக்கப்பட்ட மக்கள் ஊர்க்கிணற்றில் வாளி இடக்கூடாதென்பது நம் சமூகம் தலைமுறை தலைமுறையாகக் காத்த கொடுமை. உயர்சாதியார் ஒருவர் வந்து வார்க்கும்வரை குடத்தோடு காத்து நின்ற தாய்மார், காத்திருக்க முடியாத வேளையில் குட்டையையும் தூர்ந்த கிணற்றையும் நாடினர். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் மட்டும் போதாதென்று கண்ட உழைக்கும் மக்கள் 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ் நகருக்கு ஊர்வலம் புறப்பட்டனர்; தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் அப்போராட்டம் தொடர்ந்தது. அதைச் சமூக நீதியின் வரலாற்றில் மட்டும் எழுதிவைப்பது போதாது. சுகாதாரத்தின் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. கிணற்றில் வாளியிட உரிமையற்ற ஒருவனுக்குச் சுத்தத்தைப் பற்றிப் போதிப்பது பரிகாசமன்றோ?

இலங்கை முழுவதையும் நோக்கினால், பொதுச் சுகாதாரத்துக்குத் திருப்புமுனையாக அமைந்ததும் ஓர் அழிவே. 1934–35இல் மலேரியா மாரியைப் போல் இறங்கியது. ஈரவலயமே அதிகம் தாக்குண்டது. சில மாதங்களுள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். வறட்சியால் ஏற்கெனவே பட்டினி கிடந்த உடல்களிற் காய்ச்சல் புகுந்தது. எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா போன்ற இடதுசாரிகள் சூரியமல் இயக்கத்தின் பேரில் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் பகிர்ந்தனர். பருப்புக் கொடுத்த பெரேராவை மக்கள் ‘பருப்பு மாத்தயா’ என்றழைத்தனர். அவ்வியக்கத்திலிருந்தே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை அதற்குள் வேலை செய்யத் தொடங்கியிருந்தது; வாக்குக் கேட்டு வந்தவனிடம் ஏழை ஆஸ்பத்திரி கேட்டான். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் விரிந்தது. சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவிச்சியும் வீட்டு வாசலுக்கு வரும் வழக்கம் வேரூன்றியது. காசின்றி வைத்தியம் என்பது இந்நாட்டில் இரக்கத்தினால் ஈந்த தருமமன்று. மக்கள் வாக்கினால் வாங்கிய உரிமை.

ஆயினும் வைத்தியரும் கட்டிலும் இருந்து மருந்து இல்லையேல் பயன் யாது? விக்கிரமசிங்கவும் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயும் 1971இல் அளித்த அறிக்கையின் வழி அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனம் பிறந்தது. சந்தையில் திரிந்த 2,100 மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயர்களை விடுத்து, மருந்தின் சொந்தப் பெயரால் மலிவாக வாங்கும் முறை வந்தது. 1974இல் வாந்திபேதி மீண்டும் பரவியபோது இம்முறை சோதனைக்குள்ளாயிற்று. கூட்டுத்தாபனம் மலிவாக வாங்கிய மூலப்பொருளிலிருந்து டெட்ராசைக்கிளின் மாத்திரைக் குளிகைகளைச் செய்துகொடுக்க அமெரிக்கக் கம்பெனியான பைசர் மறுத்தது. மக்கள் நோயுற்றிருக்க, மருந்தை அதிக விலைக்கு விமானத்தில் தருவிக்க நேர்ந்தது. அமெரிக்கத் தூதரும் கம்பெனியின் சார்பில் தலையிட்டார். வைத்தியமுறை எவ்வளவு சிறந்ததாயினும், அதன் மருந்துப் பெட்டியின் சாவி பிறர் கையிலிருந்தால் ஆபத்து நாளில் அது பாதி முறையே.

இனிப் போரின் காலத்துக்கு வருவோம். வாந்திபேதிக்கும் மழைக்கும் ஆஸ்பத்திரியின் மீது பகையில்லை. மனிதரின் துப்பாக்கிக்கோ அத்தகைய வரம்பேதுமில்லை என்பதைக் குடாநாடு 1987 ஒக்டோபர் 21ஆம் நாள், தீபாவளியன்று கண்டது. ஆயுதம் தாங்கிய இளைஞர் பெரியாஸ்பத்திரி வளவிலிருந்து சுட்டனர். பின்னர் இந்திய அமைதிப்படையினர் உள்ளே புகுந்து சுட்டனர். அன்றும் மறுநாளும் நோயாளரும் ஊழியருமாக ஏறத்தாழ எழுபதுபேர் மடிந்தனர். குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம், தாம் வைத்தியரென்று கூறிக் கைகளை உயர்த்தியவாறு தாதியரோடு வெளிவந்தபோது கொல்லப்பட்டார். வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியருமாக இருபத்தொரு ஊழியர் உயிரிழந்தனர். எஞ்சியோர் மீண்டும் கடமைக்கு வந்தனர். இதனினும் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்?

1990இல் கோட்டை முற்றுகையிடப்பட்டது. கோட்டைக்கு அருகிலிருந்த பெரியாஸ்பத்திரி குண்டுவீச்சுக்குள் அகப்பட்டது. நோயாளரை வேறு ஊர்களின் ஆஸ்பத்திரிகள் ஏற்றன. கிறீன் தொடங்கிய மானிப்பாயும் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டு நவம்பரில் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் ஆஸ்பத்திரியைச் சூழ ஆயுதமற்ற வலயம் வகுக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் மின்சாரமில்லை. மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் அரிது. மருந்தும் பொருளாதாரத் தடையின் கண்காணிப்புக்குள். பெற்றோலின்றி நோயாளரைத் துவிச்சக்கர வண்டியில் ஏற்றிவந்தனர். மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணி, ஜாம் போத்தல் விளக்கேற்றிப் படித்தனர். சவர்க்காரம் அருகியபோது பனம்பழத்தைக் கொண்டு ஆடை வெளுத்தனர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். ஆஸ்பத்திரியும் வடமராட்சிக்குப் பெயர்ந்தது. ஒரு குடும்பத்தின் கிணற்றைப் பத்துக் குடும்பங்கள் பகிர்ந்தன. வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் மலேரியாவும் அவ்வாண்டுகளின் துணைவராயின.

இத்தனைக்கிடையிலும் அறுபடாத ஒரு நூலிழை இருந்தது. மருத்துவிச்சியும் சுகாதாரப் பரிசோதகரும் தம் ஊர்ப் பதிவேட்டை விட்டகலவில்லை. போலியோத் தடுப்பு மருந்து கொடுக்கும் நாட்களுக்காக இருதரப்பாரும் துப்பாக்கியைத் தாழ்த்தியதுண்டு. 1993க்குப் பின் இலங்கையில் போலியோ காணப்படவில்லை. போரால் கடுமையாகச் சிதைந்த வடகிழக்கையும் உள்ளடக்கிய இலங்கையை மலேரியா ஒழிந்த நாடென 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. இவ்வெற்றிகளை எந்தத் தளபதியும் தன் பெயரில் எழுதிக்கொள்ள முடியாது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வடமராட்சிக் கிழக்கின் மீன்பிடிக் கிராமங்களை வாரிச் சென்றது. யாழ் மாவட்டத்தில் 2,600க்கு மேற்பட்டோர் இறந்தனர். பிணங்களும் உப்புநீர் புகுந்த கிணறுகளும் நெருக்கமான முகாம்களும் இருந்தமையால் கொள்ளைநோய் தொடருமென உலகம் அஞ்சியது. அது தொடரவில்லை. இலங்கை முழுவதிலும் பெருங் கொள்ளைநோய் எதுவும் எழவில்லை. விமானத்தில் வந்திறங்கிய உதவிகளுக்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் அவை வந்துசேருமுன்னரே கிணறுகளுக்கு மருந்திட்டவரும் முகாம்களில் பிள்ளைகளை எண்ணியவரும் அவ்வூர்களின் சுகாதார ஊழியரே. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. சட்டத்துக்கு முன்பே அவர்கள் இருந்தனர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இன்றைய நிலை என்ன? 2022இல் நாடு கடனைக் கட்ட இயலாது நின்றபோது, பிபிலே எச்சரித்தது நம் கண்முன் நடந்தது. மருந்திற் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டில் அந்நியச் செலாவணி தீர்ந்தால் ஆஸ்பத்திரி அலுமாரியும் காலியாகிறது. வைத்தியர் கூட்டங்கூட்டமாக வெளிநாடு ஏகினர். கிறீன் தம் முதல் மாணவரிடம் கண்ட அதே நோய், இப்போது கடல் கடந்த அளவில்.

2024 நவம்பர் இறுதியில் பெருமழை பெய்து குடாநாடு வெள்ளக்காடாயிற்று. டிசம்பரில் வடமராட்சிப் பக்கமிருந்து காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வந்தோர் அடுத்தடுத்து இறந்தனர். முதலில் நோய் இன்னதென்று விளங்கவில்லை. ஏழெட்டு உயிர்கள் போனபின், அது எலிக்காய்ச்சலென்று தெளிவாயிற்று. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் நிற்போரின் கீறல்கள் வழியே உடலுட் புகும் நோய் அது. காலந்தாழ்த்தாது வந்தால் மலிவான மாத்திரைகளே காப்பாற்றும். முன்னரே கொடுத்தால் வராமலும் தடுக்கும். நோய் அறியப்பட்டதும் வயலில் இறங்குவோருக்கு அம்மாத்திரைகள் வழங்கப்பட்டன. மாண்டோர் யாரென்று கேட்டால், வெள்ளத்தில் கால் வைக்காமல் உண்ண முடியாதவரே அதிகம் ஆபத்துக்குள்ளானோர் என்பது விளங்கும். சில நாள் காய்ச்சலுக்காகக் கூலியை இழக்க இயலாதவன் ஆஸ்பத்திரிக்குப் பிந்தியே வருவான். ஆகவே இந்நோய்க்கு எலி மட்டும் காரணமன்று, வறுமையும் காரணம்.

நிலத்தடியிலும் நிலைமை ஆறுதல் தருவதாயில்லை. மலக்குழிகளும் செயற்கை உரமும் கிணற்றைக் கெடுக்கின்றன. கடந்த பத்தாண்டில் சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்த செய்தியை நாடறியும். 2024 ஓகஸ்டில் தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது, வரவேற்கிறோம். எனினும் குழாய்நீர் வந்துவிட்டதென்று கிணற்றைக் கைவிட்டால், மின்சாரமும் எண்ணெயும் தடைப்படும் நாளில் நாம் எதைக் குடிப்போம்? 1990களின் குடாநாடு இதற்குப் பதில் சொல்லும்.

இவ்வரலாறு கேட்பவை பெரிய மாளிகைகளல்ல. மருத்துவிச்சி, சுகாதாரப் பரிசோதகர் பதவிகள் ஒருநாளும் வெறுமையாக இருத்தல் கூடாது. எச்சரிக்கையும் மருந்துக் குறிப்பும் மக்களுக்கு அவரவர் மொழியில், கொழும்பின் அனுமதிக்குக் காத்திராமல், அன்றைக்கே கிட்டவேண்டும். ஆபத்து நாளுக்குரிய மருந்தை நாட்டுக்குள்ளேயே செய்து சேமிக்கவேண்டும். கிணறு ஊரார் அனைவருக்கும் பொதுவாகவும் தூய்மையாகவும் இருக்கவேண்டும். எந்தக் கொடியின் பேரிலும் ஆஸ்பத்திரி வாசலுக்குள் ஆயுதம் நுழையக்கூடாது.

இவற்றுட் சில அரசாங்கம் செய்யவேண்டியவை. அவற்றைக் கேட்டுப் பெறவேண்டும். சிலவற்றைத் தொடங்க யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. ஒரு பாடசாலையின் விஞ்ஞான வகுப்பு தன் ஊர்க் கிணறுகளின் நீரை ஆண்டுதோறும் சோதித்துக் குறித்து வரலாம். ஒரு வாசகசாலை தன் ஊர் கண்ட கொள்ளைநோயையும் வெள்ளத்தையும் இடப்பெயர்வையும் முதியோரிடம் கேட்டு எழுதி வைக்கலாம். மழை விட்டிருக்கும் இந்நாட்களே அதற்குரிய நாட்கள்.